நாலாம் பக்கம்

பாதியாக வந்து சேரும் கடிதம் எங்கள் தலைமுறைக்குப் புதிய பொருளல்ல. தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. கொப்பித் தாளின் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி, கொழும்புக்குப் போகிற யாரோ ஒருவரின் கையில் கொடுக்க வேண்டும். அவர் கிளாலிக் கடலை இரவில் படகேறிக் கடந்து, சோதனைச் சாவடிகளையும் கடந்து, கொழும்பில் முத்திரை ஒட்டித் தபாலில் சேர்த்தால் அது லண்டனுக்கு வரும். நனைந்து மை கரைந்து வந்த கடிதங்கள் உண்டு. மூன்று தாளில் இரண்டு மட்டும் வந்ததும் உண்டு. எழுதக்கூடாது என்று எழுதியவரே விட்டுவிட்ட இடங்களும் அதற்குள் இருக்கும். அந்த இடைவெளிகளை நிரப்பி வாசிக்க நாங்கள் பழகியிருந்தோம்.

இப்போது கடிதம் ஒரு நொடியில் வருகிறது. ஆனால் அதுவும் சில வேளைகளில் பாதியாகத்தான் வருகிறது. 2019இல் எனக்கு அப்படி வந்த ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கொம்பியூட்டர் விடயம் என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது காணி விடயமும்தான்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 ஜூனில் சனம் எழும்பிய ஊர்களில் அதுவும் ஒன்று. பலாலித் தளத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் விரிந்தபோது எங்கள் வளவும் அதற்குள் போனது. யுத்தம் முடிந்தபின் காணிகள் கட்டங் கட்டமாக விடப்பட்டன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடப்பட்ட செய்தியை ரூட்டிங்கில் ஒரு கடை வாசலில் நின்று கேட்டது நினைவிருக்கிறது. பிறகு எங்கள் பகுதிக்கும் முறை வந்தது. தங்கச்சி போய்ப் பார்த்துவிட்டுத் தொலைபேசி எடுத்தாள். "வீடு இல்லை அண்ணா. அத்திவாரம் மட்டும் தெரியுது. பனை நாலு நிக்குது. கிணறு இருக்கு."

அந்தக் கிணறுதான் பிரச்சினை. அது எங்களுக்கும் அயல் காணிக்கும் பங்குக் கிணறு. எல்லை வேலிகள் எல்லாம் அழிந்துபோன நிலத்தில், அயல் காணியை இப்போது வைத்திருப்பவர் மதில் கட்ட ஆயத்தம் செய்தார். மதில் அவர் சொன்ன இடத்தில் எழும்பினால் கிணறு முழுவதும் அந்தப் பக்கம் போய்விடும். யாழ்ப்பாணத்துக் காணியில் கிணறு போனால் மிச்சம் என்ன?

காணி எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது. தங்கச்சி தனியே எதுவும் செய்ய முடியாது. நான் இங்கிருந்து அவளுக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குக் காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லை, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரித்து எல்லாம் உறுதியில் உள்ளபடி சொல்லுக்குச் சொல் எழுதப்பட வேண்டும். பிறகுதான் ஹைட் பார்க் கார்டன்ஸில் இருக்கும் இலங்கை உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போவது. எனவே உறுதியின் நான்கு பக்கங்களையும் ஸ்கான் பண்ணி அனுப்பும்படி மருமகனிடம் சொன்னேன். அன்று இரவே அனுப்பிவிட்டான்.

முதல் மூன்று பக்கமும் முழுதாகத் திறந்தன. நாலாம் பக்கத்தில் மேலே மூன்றிலொரு பங்குதான் இருந்தது. "நாவலடிப்புலம் என்னும் காணி, ஆறு பரப்பு, இதற்கு எல்லை கிழக்கு" என்பதுவரை தெரிந்தது. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். கிழக்கு எல்லை என்னவென்று அந்தச் சாம்பலுக்குள் இருந்தது. கிணறும் அதற்குள்தான்.

திரும்ப அனுப்பச் சொன்னேன். அவன் கெட்டிக்காரன், நான்கு பக்கங்களையும் ஒரே பி.டி.எப் கோப்பாகச் சேர்த்து அனுப்பினான். அது அடியோடு திறக்கவே மறுத்தது. பழுதான கோப்பு என்று சொல்லிவிட்டது. படமாக வந்தபோது மூன்றே கால் பக்கமாவது கிடைத்தது. ஒழுங்காகக் கட்டி அனுப்பியபோது ஒன்றுமில்லை.

ஏன் அப்படி என்று தேடியபோதுதான் இணைப்பு என்பது எப்படிப் பயணம் செய்கிறது என்பதை அறிந்தேன். மின்னஞ்சலின் அடிப்படை விதிகள் 1982இல் எழுதப்பட்டபோது ஆங்கில எழுத்துகளை மட்டுமே மனதில் கொண்டிருந்தார்கள். 128 குறிகள், அவ்வளவுதான். தமிழுக்கும் அதில் இடமில்லை, படத்துக்கும் இடமில்லை. 1992இல் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் பிரீட் என்ற இருவர் மைம் என்ற முறையை வகுத்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் போரன்ஸ்டைன் அனுப்பிய முதல் பரிசோதனைக் கடிதத்தில் அவருடைய பாட்டுக் குழுவின் படமும் அவர்கள் பாடிய ஒலிப்பதிவும் இணைந்திருந்தன. ஒருநாள் தன் பேரப்பிள்ளைகளின் படங்கள் மின்னஞ்சலில் வரவேண்டும் என்பதே தன் விருப்பம் என்று அவர் சொல்லி வந்தார். அந்த விருப்பத்தின் பலனை எங்களைப்போல் அனுபவித்தவர்கள் குறைவு. பேரப்பிள்ளைகளை முதலில் படத்தில் பார்க்கிற சனம் நாங்கள்.

அவர்கள் செய்தது இதுதான். படத்தையோ பத்திரத்தையோ எழுத்துகளாக மாற்றிக் கடிதத்தின் உடலுக்குள்ளேயே வைத்துவிடுவது. மூன்று பைட் நான்கு எழுத்தாகும். அதனால் இணைப்பு அனுப்பும்போது மூன்றிலொரு பங்கு பருத்துவிடும்; ஆறு மெகாபைட் படம் எட்டுக்கு மேல் போகும். இருபத்தைந்து மெகாபைட் அனுமதி என்று ஓர் அஞ்சல் சேவை சொன்னாலும் பதினெட்டுக்கு மேல் உள்ள கோப்பு போக மறுப்பது இதனால்தான். ஒவ்வொரு இணைப்புக்கும் நடுவே ஒரு பிரிப்புக் கோடு இருக்கும். எல்லாம் முடிந்தபின் அதே கோடு இறுதியில் இரண்டு சிறு கோடுகளோடு வரும். அதுதான் முற்றுப்புள்ளி.

நான்கு நான்கு எழுத்தாக மாற்றப்படுவதால், கடிதம் நடுவில் அறுந்தாலும் அதுவரை வந்த எழுத்துகளைத் திரும்பப் படமாக்க முடியும். சாதாரண படக் கோப்பு மேலிருந்து கீழாக எழுதப்படுகிறது. எனவே வந்தவரை தெரியும், வராதது சாம்பலாகும். பி.டி.எப் வேறு மாதிரி. எந்தப் பக்கம் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அதன் கடைசியில் இருக்கிறது. வால் அறுந்தால் தலையும் தெரியாது. ஊருக்கு எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு: வழி மோசமென்றால் ஒரே கட்டாக அனுப்ப வேண்டாம். பக்கம் பக்கமாக, தனித்தனிக் கடிதமாக அனுப்பச் சொல்லுங்கள். எண்பதுகளில் ஒரே செய்தியை இரண்டு பேரிடம் கொடுத்துவிட்ட அதே தந்திரம்தான்.

இனிப் பிழை எங்கே என்று பார்க்க வேண்டும். அனுப்பிய இடத்திலா, வழியிலா, வந்த இடத்திலா?

மருமகன் தான் அனுப்பிய கடிதத்தைத் திறந்து பார்த்தான். "மாமா, இஞ்சை நாலும் முழுசாத்தான் இருக்கு. நாலாவது ரண்டு மெகாபைட்டுக்குக் கொஞ்சம் கூட. உங்களுக்கு எவ்வளவு காட்டுது?" என்னுடையது அறுநூறு கிலோபைட்டுக்குச் சற்று மேல். ஆக, அளவைக் கேட்டு ஒப்பிட்டதிலேயே குறை எவ்வளவு என்று தெரிந்துவிட்டது.

அடுத்து, கொம்பியூட்டரில் உள்ள அஞ்சல் செயலியை மூடிவிட்டு, உலாவி வழியாக அதே அஞ்சல் பெட்டிக்குள் போனேன். அங்கே நாலாம் பக்கம் முழுதாக இருந்தது. கிழக்கு ஒழுங்கை. வடக்கும் மேற்கும் இன்னார் இன்னார் காணி. தெற்கு கோயில் மானியம். "பங்குக் கிணற்றில் அரைப் பங்கும், அதற்குப் போகவும் வரவும் தண்ணீர் இறைக்கவும் உள்ள வழிவாய்க்கால் உரித்தும்." அதன் கீழே நொத்தாரிசின் அத்தாட்சி. உடனே அச்சடித்து எடுத்தேன். அந்த இரவே தேவை முடிந்தது.

ஆனால் மனம் அமைதியடையவில்லை. சேர்வரில் முழுதாக இருக்கிற கடிதம் என் வீட்டுக்குள் வரும்போது பாதியாகிறது என்றால், இதுபோல் எத்தனை வந்திருக்கும்? மகன் மான்செஸ்டரிலிருந்து சொன்னான், "அப்பா, அந்தப் பழைய செயலியை விட்டுட்டு உலாவியிலேயே பாருங்களேன்." அவனுக்கு அது விளங்காது. செயலி கடிதங்களை என் சொந்தத் தட்டில் இறக்கி வைக்கிறது. இணையம் அறுந்தாலும், நிறுவனம் மூடினாலும், கடவுச்சொல் மறந்தாலும் அவை என் வீட்டில் இருக்கும். வீட்டை விட்டு வந்தவர்களுக்குச் சாமான் வீட்டில் இருக்கவேண்டும் என்ற குணம் போகாது.

எனவே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதே தொல்லை உள்ளவர்களுக்கு உதவும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அளவுக் கட்டுப்பாடு. தண்டர்பேர்ட் போன்ற செயலிகளில், இத்தனை கிலோபைட்டுக்கு மேற்பட்ட கடிதங்களை இறக்காதே என்று ஒரு தெரிவு கணக்கு அமைப்புகளுக்குள் இருக்கிறது. மொடத்தில் கீச்சிட்டுக் கீச்சிட்டு இணைந்த காலத்தில் அது தேவையாக இருந்தது. என்னுடையதில் அது போடப்பட்டிருக்கவில்லை.

இரண்டாவது, கடிதத்தின் மூலத்தைப் பார்ப்பது. பல செயலிகளில் ஏதோ ஓர் இடத்தில் இந்த வசதி உண்டு. பொருளற்ற எழுத்துகள் ஆயிரக்கணக்கான வரிகளாக ஓடும். பயப்பட வேண்டாம், கடைசிக்குப் போங்கள். முற்றுக்கோடு இருக்கிறதா? என்னுடையதில் ஒரு வரி நடுவிலேயே நின்றிருந்தது. அப்போது சந்தேகம் தீர்ந்தது: படம் பழுதாகவில்லை, கடிதமே அறுந்திருக்கிறது.

அந்த முற்றுக்கோட்டைத் தேடியபோது உறுதியின் நாலாம் பக்கத்தை மீண்டும் எடுத்து வாசித்தேன். எங்கள் நொத்தாரிசுமார் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். இலங்கையில் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்கவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுச் சட்டம். உறுதியின் முடிவில் அத்தாட்சி எழுதும்போது, எத்தனையாம் பக்கத்தில் எந்த வரியில் எந்தச் சொல் வெட்டப்பட்டது, எது இடையில் எழுதப்பட்டது என்பதையும் சொல்லியே கையொப்பமிடுவார்கள். இதற்குமேல் ஒரு சொல் கூடினாலோ குறைந்தாலோ கள்ளம் என்று யாரும் கண்டுபிடிக்கலாம். இதற்கும் மேலாக இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். அனுப்பியது முழுதாகச் சேர்ந்ததா என்று பார்க்கும் வித்தை மசிக்கூட்டுப் பேனாவாலும் செய்யப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, வைரஸ் தடுப்பு. இவற்றில் சில, அஞ்சல் சேர்வருக்கும் செயலிக்கும் நடுவே சாவடி போட்டு உட்காரும். வருகிற கடிதத்தைத் தான் வாங்கிச் சோதித்து, பிறகே விடும். பெரிய கடிதம் என்றால் சோதனை நீளும். செயலி குறித்த நேரம்வரை காத்திருந்துவிட்டு, வந்தது போதும் என்று தொடர்பை விட்டுவிடும். சோதனைச் சாவடியில் நேரம் போய் வண்டி தவறுவது எங்களுக்கு விளக்கவேண்டிய சங்கதி அல்ல. அஞ்சலைச் சோதிக்கும் அந்த ஒரு பகுதியை மட்டும் நிறுத்தினேன். இதில் ஆபத்தில்லை, இணைப்பைத் தட்டில் சேமிக்கும்போதும் திறக்கும்போதும் அதே தடுப்பு மீண்டும் பார்க்கிறது. மருமகனை இன்னொரு முறை அனுப்பச் சொன்னேன். நாலாம் பக்கம் முழுதாக வந்தது.

ஆனால் பழைய கடிதம் இன்னும் பாதியாகவே நின்றது. அதுதான் நாலாவது விடயம். செயலி ஒரு கடிதத்தை இறக்கியபின், திரும்பத் திரும்பச் சேர்வரிடம் போவதில்லை. தன்னிடம் உள்ள பிரதியையே காட்டும். பாதியைப் முழுது என்று பதிந்துவிட்டால், நூறு தரம் திறந்தாலும் பாதிதான். கோப்புறையின் மேல் வலப்பக்கச் சொடுக்கு, இயல்புகள், அதற்குள் கோப்புறையைச் சீர்செய்தல். அதைச் செய்ததும் தன்னிடமுள்ளதை எறிந்துவிட்டு எல்லாவற்றையும் சேர்வரிலிருந்து மீண்டும் இறக்கியது. ஒரு மணித்தியாலம் எடுத்தது. உறுதியோடு, நான் பாதி என்று அறியாத வேறு ஏழெட்டுக் கடிதங்களும் முழுதாகின. பெறாமகளின் கலியாணப் படங்கள் அதில் இருந்தன. கூறையின் கரையை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இது ஐமப் முறையில் உள்ள கணக்குகளுக்கே பலிக்கும். அந்த முறையில் கடிதத்தின் மூலப்பிரதி சேர்வரிலேயே இருக்கும். பழைய பாப் முறை அப்படியல்ல. அது தபால்காரனைப் போன்றது. கையில் கொடுத்துவிட்டால் அவனிடம் பிரதி இல்லை. முழுதாக ஒப்படைக்கும் முன் தொடர்பு அறுந்தால் அழிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் இடையில் நிற்கும் ஏதாவது ஒன்று எல்லாம் வந்துவிட்டது என்று ஒப்பமிட்டால், சேர்வர் அழித்துவிடும். பாப் கணக்கு வைத்திருப்பவர்கள், பிரதியைச் சேர்வரில் விட்டுவை என்ற தெரிவைப் போட்டுவிட்டுத்தான் மற்றது.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் பழைய கோப்புறைகளில் 2003ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று இருக்கிறது. ஏ9 பாதை திறந்து, சனம் ஊருக்குப் போய்வரத் தொடங்கிய காலம். கனடாவிலிருந்து போன ஓர் உறவினர் அம்மாவைப் படமெடுத்து, யாழ்ப்பாணத்தில் ஓர் இணையக் கடையிலிருந்து அனுப்பியிருந்தார். கூடவே பாமினி எழுத்தில் நாலு வரி. என்னிடம் அந்த எழுத்துரு இருந்ததால் அதை வாசிக்க முடிந்தது. இல்லாதவர்களுக்கு அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல். படம் நெஞ்சுவரை வந்தது. நரைத்த தலை, திருநீறு, சிரிக்காத வாய். அதற்குக் கீழே சாம்பல்.

அந்தக் கணக்கு பாப் முறை. கணக்குத் தந்த நிறுவனம் இப்போது இல்லை. அனுப்பியவரின் கமெரா அட்டையில் பிறகு வேறு படங்கள் ஏறிவிட்டன. 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அம்மா போய்விட்டார். மூலத்தைத் திறந்து கடைசி வரிக்குப் போய்ப் பார்த்தேன், முற்றுக்கோடு இல்லை. அந்தச் சாம்பலுக்குப் பின்னால் எதுவும் மறைந்திருக்கவில்லை, அங்கே எதுவுமே வந்து சேரவில்லை. எந்தச் சீர்செய்தலும் அதைக் கொண்டுவராது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் போயின. ஒரே ஒரு பிரதி மட்டுமே உள்ளதாகச் சொல்லப்பட்ட நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அதற்குள் இருந்தன. அதற்குப் பிறகு வந்தவர்கள் கற்றுக்கொண்ட பாடம் பிரதி. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகமும் ஒரு புத்தகத்தைப் பல தட்டுகளில், பல நாடுகளில் இருக்கச் செய்தன. ஆனால் ஒரு குடும்பத்தின் உறுதியையும் படத்தையும் எந்த நூலகமும் தேடி வராது. அதை நாங்கள்தான் பார்க்கவேண்டும். வந்த இணைப்பை வந்த அன்றே திறந்து, கடைசிப் பக்கம்வரை பார்த்து, கடிதத்துக்கு வெளியே இன்னொரு தட்டிலும் சேமித்து வைக்கவேண்டும். அனுப்பியவர் உயிரோடு இருக்கும்போதே பார்க்கவேண்டும்.

அற்றோணித் தத்துவம் போய்ச் சேர்ந்தது. தங்கச்சி உறுதியோடும் விதானையாரோடும் போய் நின்றாள். மதில் இப்போது கிணற்றின் அந்தப் பக்கமாகப் போகிறது. நடுவில் ஆள் போக ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள். இறைக்கிற நாள் இவர்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. முந்தியும் அப்படித்தான் இருந்தது.

சென்ற வருடம் தங்கச்சியிடம் அந்த 2003ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றிக் கேட்டேன். படம் எடுக்கும்போது அவள் பக்கத்தில் நின்றவள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா அண்டைக்கு நீலக்கரைச் சேலை. முற்றத்திலை பிளாஸ்ரிக் கதிரையிலை இருந்தவ. மடியிலை ஒரு சுளகு. முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவ. படம் எடுக்கப்போறம், அதைக் கீழை வையுங்கோ எண்டு சொல்ல, 'பெடியன் பாக்கட்டும், நான் சும்மா இருக்கேல்லை எண்டு' எண்டவ."

அவள் சொன்னதை அப்படியே தாளில் எழுதி, அந்தப் பாதிப் படத்தை அச்சடித்து அதன் பின்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு பிரதி மகனிடமும் இருக்கிறது.